பொம்மையை நிறுத்துப் பார்த்து நிஜத்துக்குக் கணக்குச் சொல்வது

வாசகர் கேள்வி – பதில்

"பெங்களூரில் காற்றுச் சுரங்கத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்" என்று போன இதழில் ஆசிரியர் என்னை ஒரு வரியில் அறிமுகப்படுத்தினார். சுரங்கம் என்றதும் கோலார் தங்கவயல் என்று நினைத்து ஒருவர் கடிதம் எழுதிவிட்டார். தோண்டுகிற சுரங்கம் இல்லை ஐயா. நீளமான ஒரு கூட்டுக்குள் காற்றை வேகமாக ஓட்டி, நடுவில் விமானத்தின் சிறு மாடலை நிறுத்தி அளக்கிற இடம். எங்கள் வாயில் வெறும் 'டனல்'. பெங்களூரு முருகேஷ்பாளையம் பக்கம் 'விண்ட் டனல் ரோடு' என்று ஒரு சாலையே இருக்கிறது. நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸின் 1.2 மீட்டர் டனல் 1967 முதல் அந்த வட்டாரத்தில்தான் ஓடுகிறது. நான் வேலை பார்த்த கூடம் எது என்று கேட்காதீர்கள். கீழே சில சொதப்பல்களையும் சொல்லப்போகிறேன்.

வந்த கடிதங்களில், பறக்கும்போது விமானம் தாங்கவேண்டிய சுமையைத் தரையில் உட்கார்ந்துகொண்டே எப்படிக் கணிக்கிறீர்கள் என்பதைச் சுற்றி வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

டெல்லிக்குப் போகும்போது ஜன்னலோர இருக்கை. மேகத்துக்குள் நுழைந்ததும் இறக்கை மேலும் கீழும் ஆடியது. கண்ணை மூடிக்கொண்டேன். இறக்கை அப்படி வளையலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

வளையத்தான் வேண்டும் அம்மா. அடுத்த முறை கண்ணை மூடாமல், கிளம்பும் முன்பு ஒரு தடவையும் மேலே போன பிறகு ஒரு தடவையும் இறக்கை நுனியைப் பாருங்கள். தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடையாலும் உள்ளே இருக்கிற எரிபொருளின் எடையாலும் கொஞ்சம் தொங்கும். பறக்க ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழ். இப்போது முழு விமானத்தையும் தூக்கிக்கொண்டிருப்பது அந்த இறக்கைதான், அதனால் நுனி மேலே எழும்பும்.

சுமை என்றால் எடைதான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஊஞ்சலில் வேகமாக ஆடும்போது கீழே வரும் நொடியில் உடம்பு கனக்கிறதே, அப்போது உங்கள் எடை கூடவில்லை. கயிற்றின் சுமை கூடியிருக்கிறது. விமானம் 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப் போல இரண்டு மடங்கைத் தாங்கவேண்டும். பெரிய பயணிகள் விமானங்களுக்கு விதி கேட்பது குறைந்தது 2.5 மடங்கு. இது போக, மேகத்துக்குள் கீழிருந்து மேலே அடிக்கிற காற்றுக்குத் தனிக் கணக்கு. நீங்கள் பார்த்த ஆட்டம் அந்தக் கணக்குக்குள் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் கீழே வரும் பதில்கள் எல்லாம் இதில்தான் வந்து நிற்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் ஒரு தெரு நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் விட்டுப்போகும். குடத்தின் எடை மாறவில்லை, இடம் மாறியது. இறக்கைக்கும் தோள் உண்டு, உடலோடு சேரும் அந்த வேர்ப்பகுதி. மொத்தம் எவ்வளவு சுமை என்பதை ஓரளவு சுலபமாகச் சொல்லிவிடலாம். அது இறக்கையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பிளஸ் 2 படிக்கிறேன். சின்ன மாடலில் அளந்ததை வைத்துப் பெரிய விமானத்தின் சுமையை எப்படிச் சொல்ல முடியும்? ஒரு கணக்கோடு விளக்குவீர்களா சார்?
– மாணவர், விருதுநகர்

கணக்கோடு கேட்ட முதல் ஆள் நீதான் தம்பி. பேப்பரை எடு.

இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எடை 750 கிலோ, இறக்கைப் பரப்பு 12.5 சதுர மீட்டர். இதற்கு ஐந்தில் ஒரு பங்கு மாடல் செய்கிறோம். நீளம் ஐந்தில் ஒன்று என்றால் பரப்பு இருபத்தைந்தில் ஒன்று, அதாவது அரை சதுர மீட்டர். டனலில் காற்றை நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓட்டுகிறோம். மாடலின் மூக்கைக் குறிப்பிட்ட ஒரு கோணத்துக்குத் தூக்கி வைத்தபோது அது 46 கிலோ விசையோடு மேலே எழுகிறது.

நிஜ விமானம் அதே கோணத்தில் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பறந்தால்? பரப்பு 25 மடங்கு. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; 60-ஐ 50-ஆல் வகுத்தால் 1.2, அதன் வர்க்கம் 1.44. இரண்டையும் பெருக்கினால் 36. ஆக 46 கிலோ மாடலில் என்றால் நிஜத்தில் சுமார் 1,650 கிலோ. விமானத்தின் எடையைப் போல 2.2 மடங்கு. அதாவது விமானி அந்த வேகத்தில் மூக்கை அந்தக் கோணத்துக்கு இழுத்தால் இறக்கை 2.2 மடங்கு சுமக்கிறது.

காற்றின் அடர்த்தி இரண்டு இடத்திலும் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். மேலே போனால் அடர்த்தி குறையும், அதையும் பெருக்கலில் சேர்க்கவேண்டும். எங்கள் அறிக்கையில் 46 கிலோ என்ற எண்ணே வராது. விசையைப் பரப்பாலும் காற்றின் இயக்க அழுத்தத்தாலும் (அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது) வகுத்து, அலகு இல்லாத ஒரு எண்ணாக்கி விடுவோம். இந்தக் கணக்கில் அது 0.6. டனல் கொடுப்பது இந்த 0.6 மட்டும்தான். அதை வைத்து எந்த உயரத்துக்கு, எந்த வேகத்துக்கு வேண்டுமானாலும் சுமையைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது குடத்துக்கு வா. 1,650 கிலோவில் ஒரு பக்க இறக்கைக்குப் பாதி, 825 கிலோ. இந்தச் சுமையின் மையம் வேரிலிருந்து 2 மீட்டரில் இருந்தால் வேரில் விழும் வளைப்பு 1,650 கிலோ-மீட்டர். மையம் 2.3 மீட்டருக்குத் தள்ளிப்போனால் கிட்டத்தட்ட 1,900. தூக்குவிசை ஒரு கிலோகூட ஏறவில்லை, வேரில் மட்டும் 15 சதவீதம் கூடிவிட்டது. 46 கிலோ என்று மொத்தமாகச் சொன்ன கருவி இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு வேறு வேலை செய்யவேண்டும். அடுத்த பதிலைப் படி.

கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த மாடலை எதில் செய்வீர்கள்? எதில் பிடித்து நிறுத்துவீர்கள்? அளவுக் கருவி எங்கே இருக்கும்?
– பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெதுவான டனலுக்கு மரம், ஃபைபர், அலுமினியம் போதும். ஒலி வேகத்தை நெருங்குகிற டனல் என்றால் உயர்தர எஃகு. மாடலின் வால்பக்கமாக ஒரு தண்டு உள்ளே நுழையும், அதற்கு 'ஸ்டிங்' என்று பெயர். தண்டின் முனையில், மாடலின் வயிற்றுக்குள், 'பேலன்ஸ்' உட்கார்ந்திருக்கும். உங்கள் கண்ணுக்கு அது கண்டபடி வெட்டித் தள்ளிய உருளை மாதிரித் தெரியும். ஒரே எஃகுத் துண்டில், கம்பி அறுப்பிலும் மின்பொறி அரிப்பிலும் குடைந்து, மெல்லிய தூண்களும் பாலங்களும் விட்டிருப்பார்கள். அந்தப் பாலங்களின் மேல் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கும். மாடலைக் காற்று தள்ளினால் பாலம் மயிரிழை வளையும், கேஜின் மின்தடை மாறும், அதைப் படிக்கிறோம். தூக்குவது, பின்னால் இழுப்பது, பக்கவாட்டில் தள்ளுவது, அப்புறம் மூன்று அச்சிலும் திருப்புவது என்று மொத்தம் ஆறு கணக்கு.

ஆறும் ஒன்றுக்கொன்று கசியும், தொல்லையே அதுதான். மேலே மட்டும் தூக்கினாலும் பக்கவாட்டு கேஜ் கொஞ்சம் அசையும். அதனால் ஒவ்வொரு பேலன்ஸையும் வேலைக்கு எடுக்கும் முன் எடைகள் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். தட்டில் ஒவ்வொரு கல்லாக ஏற்றி ஒவ்வொரு எண்ணாக எழுதி, பிறகு ஒவ்வொரு கல்லாக இறக்கி மறுபடி எழுதுவது. நான் சேர்ந்த புதிதில் ஆறு மாதம் இதுதான் வேலை. ஊரிலிருந்து வந்த அப்பா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம மளிகைக் கடையிலயே இருந்திருக்கலாமே" என்றார்.

இறக்கையின் எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரிய, தோலில் துளை போடவேண்டும். அரை மில்லிமீட்டர் அளவுக்குத் துளை. மேல்பரப்புக்குச் செங்குத்தாக இறங்கவேண்டும், வாயில் பிசிறு நிற்கக்கூடாது. பிசிறு இருந்தால் அந்த இடத்து அழுத்தம் அல்ல, பிசிறின் அழுத்தம்தான் வரும். ஒவ்வொரு துளையின் அடியிலும் ஊசி மாதிரி ஒரு எஃகுக் குழாய், அது மாடலுக்குள் வளைந்து நெளிந்து போய் பிளாஸ்டிக் குழாயில் சேர்ந்து அழுத்தமானியில் முடியும். ஒரு இறக்கையில் இருநூறு, முந்நூறு துளைகள் சாதாரணம். துளை ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஒரு சின்னப் பாத்திக்குப் பொறுப்பு. பாத்தியின் பரப்பை அழுத்தத்தால் பெருக்கி, நுனியிலிருந்து வேர் வரை கூட்டிக்கொண்டே வந்தால் எந்த வெட்டில் எவ்வளவு வளைப்பு, எவ்வளவு முறுக்கு என்று கிடைத்துவிடும்.

ஒரு தடவை ஒரு ரன்னில் (டனலை ஒரு முறை ஓட்டி அளப்பது) இறக்கையின் நடுவெட்டில் அழுத்தக் கோடு பல் முளைத்த மாதிரி ஒரு இடத்தில் மேலே குதித்து உடனே கீழே இறங்கியது. மேலாளர் அதை அதிர்வலை (ஒலியைத் தாண்டிப் போகும் காற்று சட்டென்று வேகம் குறையும் இடம்) என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் அதைப் பற்றியே பேச்சு, கரும்பலகை நிறைய அம்புக்குறி. எனக்கு ஒரே உறுத்தல். அதிர்வலை என்றால் கோணத்தை மாற்றும்போது இடம் மாறவேண்டும், இந்தப் பல் நகரவே இல்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்றில் ரப்பர் மாட்டி, 47-ஆம் துளையில் வைத்து மெல்ல அழுத்தினேன். திரையில் 47 அசையவில்லை, 48 எழுந்தது. 48-இல் அழுத்தினேன், 47 எழுந்தது. இரண்டு குழாயையும் மாற்றிச் சொருகியிருந்தார்கள். சொருகியவன் யார் என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது.

காற்றியலில் ரெனால்ட்ஸ் எண் ஒன்றாக இருக்கவேண்டும் என்று படிக்கிறோம். சின்ன மாடலில் அது பொருந்தாதே. அப்படியானால் டனலில் வரும் சுமைக் கணக்கே தப்புதானே?
– பொறியியல் மாணவி, சென்னை

தப்பு என்று ஒரே வார்த்தையில் முடிக்க மாட்டேன். ஆனால் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. மற்றவர்களுக்காக: காற்றின் அடர்த்தி, வேகம், பொருளின் அளவு மூன்றையும் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்பால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண்.

விருதுநகர்த் தம்பிக்குப் போட்ட கணக்கையே எடுத்துக்கொள். நிஜ விமானத்தின் இறக்கை அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 1.25 மீட்டர், வேகம் 60. ரெனால்ட்ஸ் எண் சுமார் 50 லட்சம். மாடலுக்கு அகலம் 25 சென்டிமீட்டர், வேகம் 50. சுமார் 8 லட்சம். ஆறில் ஒரு பங்கு. இதனால் இறக்கைத் தோலை ஒட்டி ஊர்ந்து போகிற மெல்லிய காற்றுப் படலம், மாடலின் அளவோடு ஒப்பிட்டால் நிஜத்தைவிடத் தடிமனாக இருக்கும், நடத்தையும் மாறும். முன்விளிம்புக்குப் பக்கத்தில் கார்போரண்டம் தூளை ஒரு கோடாக ஒட்டிப் படலத்தை அங்கேயே கலங்க வைப்பது பழைய வைத்தியம். உப்புத்தாளில் இருக்கிற அதே தூள்தான். பெரும்பாலான சமயம் வைத்தியம் பலிக்கும்.

பலிக்காமல் போன கதைதான் அமெரிக்காவில் லாக்ஹீட் கட்டிய சி-141 சரக்கு விமானம். முதலில் பறந்தது 1963 டிசம்பரில். ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே பறக்கிற இறக்கையின் மேல் காற்று ஒலியைத் தாண்டிப் போய், ஒரு இடத்தில் அதிர்வலையில் முட்டி வேகம் குறையும். அந்த அலை எங்கே நிற்கும் என்று டனல் ஒரு இடத்தைச் சொன்னது. நிஜ விமானம் பறந்தபோது அலை அதைவிடக் கணிசமாகப் பின்னால் நின்றது. மாடலில் படலம் தடிமனாக இருந்ததால் அலையின் காலடியில் காற்று இறக்கைத் தோலை விட்டுச் சீக்கிரம் பிய்ந்து, அலையை முன்னால் தள்ளி வைத்திருந்தது.

அலை பின்னால் போனால் என்ன ஆகும்? இறக்கையின் பின்பாதி, எதிர்பார்த்ததைவிட அதிகம் தூக்கும். மொத்தத் தூக்குவிசை பெரிதாக மாறாமலேயே இறக்கை மூக்கைக் கீழே அமுக்கி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். மூக்கு கவிழாமல் பிடிக்க வால் இன்னும் அதிகமாகக் கீழே அழுத்தவேண்டும். இறக்கையின் முறுக்குச் சுமை, வாலின் சுமை இரண்டும் கணக்கில் போட்டது மாதிரி இல்லை. மறுபடியும் குடம்தான், இந்த முறை முன்னும் பின்னுமாக நகர்ந்தது.

ரெனால்ட்ஸ் எண்ணை ஏற்ற என்ன வழி? மாடலைப் பெரிதாக்கலாம், ஆனால் டனலின் சுவர் இடிக்கும். சுவர் பக்கத்தில் வந்தால் காற்று ஒதுங்க இடமில்லாமல் போய் அது வேறு பொய் சொல்லும். காற்றை அமுக்கலாம். 1920-களிலேயே அமெரிக்காவில் லாங்லி ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் முங்க் என்ற ஜெர்மானியரின் யோசனைப்படி 20 வளிமண்டல அழுத்தம் வரை ஏற்றுகிற டனல் கட்டினார்கள். அமுக்கினால் மாடலின் மேல் விழும் விசையும் ஏறும், இறக்கை வளையும், வளைந்த இறக்கையின் சுமை வளையாத இறக்கையின் சுமை அல்ல. மூன்றாவது வழி, குளிர வைப்பது. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், பிசுபிசுப்பு குறையும், ஒலி வேகமும் குறையும். மாடலை அதிகம் நசுக்காமலே எண் ஏறிவிடும். லாங்லியில் 1980-களில் திரவ நைட்ரஜன் பீய்ச்சி ஓட்டுகிற டனல் வந்தது. ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஐரோப்பிய டனல் மைனஸ் 163 டிகிரி வரை இறங்கும். சி-141-இல் பட்ட சூடு, அப்படி ஒரு குளிர் டனல் வேண்டும் என்று வாதாடியவர்களின் கையில் முக்கியமான ஆயுதமாக இருந்தது.

நீ பரீட்சையில் "ரெனால்ட்ஸ் எண் பொருந்தவேண்டும்" என்று எழுது, மதிப்பெண் வாங்கு. வேலைக்கு வந்த பிறகு, பொருந்தாதபோது எது மாறும், எது மாறாது என்று தெரிந்து வைத்துக்கொள். இறக்கையில் காற்று ஒட்டிப் போகிற கோணங்களில், கோணம் ஏற ஏறத் தூக்குவிசை ஏறுகிற வீதம் அதிகம் மாறாது. காற்று எப்போது பிய்யும், அதிர்வலை எங்கே நிற்கும் என்ற இரண்டும் மாறும். இழுவையும் மாறும், ஆனால் சுமைக் கணக்குக்கு அது அவ்வளவு பெரிய ஆள் இல்லை.

உங்கள் எழுத்தில் ஆங்கிலச் சொல் அதிகம். பேலன்ஸ், ஸ்டிங், ரன் என்று ஏன்?
– தமிழ் ஆர்வலர், திருவையாறு

ஸ்ட்ரெயின் கேஜுக்குத் 'திரிபுமானி' என்ற சொல் எனக்கும் தெரியும் ஐயா, அழகான சொல். ஆனால் 34 வருடத்தில் "அந்தத் திரிபுமானியை எடு" என்று யாரும் கையை நீட்டியதில்லை. ஸ்டிங் என்றால் தேள் கொடுக்கு. 'கொடுக்கு' என்று நான் ஒரு மாதம் சொல்லிப் பார்த்தேன். அப்ரண்டிஸ் பையன்கள் "என்ன கொடுக்கணும் சார்?" என்று கேட்டார்கள்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுவிடலாமே. இன்னும் எதற்கு டனல்?
– மென்பொருள் பணியாளர், சென்னை

போடுகிறார்கள். விமானம் நேராகப் பறக்கிற நிலைக்குக் கணினி சொல்கிற அழுத்தப் பரவல் இன்று பிரமாதம். துளை போடாத இடத்திலும் சொல்லும், அந்த வசதி எங்களுக்கு இல்லை.

சுமைக்காரர்களுக்கு வேண்டியதோ நேராகப் பறக்கிற நிலை இல்லை. மூக்கு ரொம்ப மேலே, ஒரு பக்கம் சறுக்கல், ஸ்பாய்லர் (இறக்கையின் மேல் எழும் தகடு) திறந்திருக்கிறது, ஒரு அய்லரான் (இறக்கை நுனிப்பக்கம் பின்விளிம்பில் அசையும் பகுதி) கீழே, இப்படியான கோணல் நிலைகள்தான். அவற்றில்தான் இறக்கையில் காற்று பிய்ந்து சுழலும், அங்கேதான் கணினி மாதிரிகள் தடுமாறும். எண்ணிக்கையும் ஒரு பிரச்சினை. ஒரு விமானத்துக்கு வேகம், உயரம், எடை, எரிபொருள், ஃப்ளாப் நிலை என்று கலந்து ஆயிரக்கணக்கான சுமை நிலைகளைப் பார்க்கவேண்டும். சேமித்த காற்றைத் திறந்துவிட்டு ஓட்டுகிற டனலில் ஒரு ரன் அரை நிமிடம் போல. அதற்குள் மாடலின் மூக்கைக் கீழிருந்து மேலே ஒரு தடவை ஏற்றி இறக்கி முழுக் கோட்டையும் வாங்கிவிடுவோம். காதில் பஞ்சு இல்லாமல் பக்கத்தில் நின்றால் அந்த அரை நிமிடம் ரொம்ப நீளம்.

இரண்டையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். சண்டை என்பது கான்டீனில் மட்டும்.

2001-இல் நியூயார்க்கில் ஒரு விமானத்தின் செங்குத்து வால் பிய்ந்து விழுந்ததே, அந்த வாலின் சுமையைத் தப்பாகக் கணித்துவிட்டார்களா?
– வாசகர், நியூ ஜெர்சி

இல்லை. 2001 நவம்பர் 12 அன்று கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300. முன்னால் போன ஒரு ஜம்போ விமானத்தின் சுழல்காற்றில் மாட்டியதும், ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி ரட்டர் (செங்குத்து வாலின் பின்னால் அசையும் பகுதி) மிதியை வலம், இடம், மறுபடி வலம் என்று மாற்றி மாற்றி முழுக்க அழுத்தினார். வால் பிய்ந்தது, தரையில் இருந்த 5 பேரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள்.

விமானம் ஒரு பக்கம் சறுக்கிக்கொண்டிருக்கும்போது ரட்டரை எதிர்ப்பக்கம் திருப்பினால், சறுக்கலால் வரும் விசையும் ரட்டரால் வரும் விசையும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. பதிவுக் கருவியில் இருந்த அசைவுகளை வைத்து விசாரணைக் குழு கணக்குப் போட்டபோது, விதிப்படி எதிர்பார்க்கிற உச்சச் சுமையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாலில் விழுந்திருந்தது. வால் தன் சான்றிதழில் சொன்னதைவிட அதிகம் தாங்கிய பிறகே உடைந்தது.

டனலில் இந்தச் சுமையை அளப்பது கடினமில்லை. மாடலைப் பக்கவாட்டில் திருப்பி, ரட்டரை வளைத்து வைத்து, வாலின் அடியில் தனியாக ஒரு சின்ன பேலன்ஸ் வைத்தால் போதும். எந்தெந்த நிலைகளை அளக்கவேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை, ஒரு பட்டியல் வரும். அந்தக் காலத்துப் பட்டியலில் ரட்டரை ஒரு பக்கம் முழுக்க அழுத்துவதும் விடுவதும் உண்டு. மாற்றி மாற்றி அழுத்துவது கிடையாது. விமானி அப்படிச் செய்வார் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் விதியில் அது ஏறியது. என் அனுபவத்தில் டனல் அளவுகளில் வரும் தப்பைவிடப் பட்டியலில் விடுபடுவது மோசமானது.

டனலில் எப்போதாவது மாடல் உடைந்ததுண்டா?
– வாசகர், தூத்துக்குடி

உண்டு. மாடலைவிட வேகமாக வெளியே வந்தது எங்கள் பாதுகாப்பு அதிகாரிதான்.

டனலில் கணித்த சுமை சரிதானா என்று கடைசியில் எப்படித் தெரியும்? இறக்கையை உடைத்துப் பார்ப்பார்களாமே?
– வங்கி ஊழியர், சேலம்

இரண்டு தனித்தனி வேலைகளை ஒன்றாக்கிவிட்டீர்கள், பலரும் அப்படித்தான். இறக்கை எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று. அதன் மேல் எவ்வளவு விழும் என்பது இன்னொன்று. உடைத்துப் பார்ப்பது முதலாவதைத்தான் சொல்லும்.

விழுவதைச் சரிபார்க்க, பறக்கிற விமானத்தின் இறக்கைக்குள்ளேயே ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுவார்கள். தரையில் இறக்கையைத் தெரிந்த எடையால் பல இடங்களில் தள்ளி, எந்த கேஜ் எவ்வளவு அசைகிறது என்று முதலில் எழுதி வைத்துக்கொள்வார்கள். பிறகு பறக்கும்போது கேஜ் சொல்வதை வைத்துச் சுமையைத் திருப்பிக் கணக்கிடுவார்கள். இந்த முறையை ஒழுங்காக வகுத்த அமெரிக்க அறிக்கை 1954-இல் வந்தது, அடிப்படை இன்னும் அதேதான். தட்டில் கல் ஏற்றி நான் ஆறு மாதம் செய்த வேலைதான், தராசின் இடத்தில் முழு விமானம்.

உடைக்கிற சோதனைக்கு வருவோம். சேவைக்காலத்தில் வரக்கூடிய உச்சச் சுமையை 'லிமிட்' என்பார்கள். அதைப் போல ஒன்றரை மடங்கை இறக்கை மூன்று நொடியாவது உடையாமல் தாங்கவேண்டும். போயிங் 777-இன் இறக்கை 1995-இல் 1.54 மடங்கில் உடைந்தது. ஏ380-இன் இறக்கை 2006 பிப்ரவரியில் துலூஸில் 1.45 மடங்கில் உடைந்தது, இலக்குக்குக் கொஞ்சம் முன்னால். பத்திரிகைகள் "இறக்கை தோற்றது" என்று எழுதின. எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. நுனிக்கு நுனி 80 மீட்டர் இறக்கையின் பலத்தைக் காகிதத்தில் கணித்து, நான்கு சதவீதத்துக்குள் வந்திருக்கிறார்கள். குறைந்த இடத்தைக் கொஞ்சம் பலப்படுத்தி, கணக்கால் காட்டிச் சான்றிதழ் வாங்கினார்கள். ஆனால் அந்த 1.45-க்கு அர்த்தம் வருவதே, வகுக்கும் எண்ணாக நிற்கிற 'லிமிட்' சுமை சரியாக இருந்தால்தான். அது எங்கள் பக்கத்து எண்.

இப்படி ஒரு சோதனையை நான் ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன், சின்ன விமானம். இறக்கையில் வரிசையாகப் பட்டைகள். இரண்டிரண்டு பட்டையை ஒரு நெம்புகோல் சேர்க்கும், இரண்டிரண்டு நெம்புகோலை இன்னொன்று சேர்க்கும், கடைசியில் மேலே ஒரு ஹைட்ராலிக் ஜாக். ஒரே ஜாக் இழுத்தாலும் ஒவ்வொரு பட்டைக்கும் கணக்குப்படியான பங்கு போகும். பட்டைகளில் சாக்பீஸால் கிலோ எழுதியிருந்தார்கள். நான் நுனியிலிருந்து வேர் வரை நடந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். துளைத் துளையாக நாங்கள் கூட்டிக் கொடுத்த எண்கள்தான், ரவுண்டு ஆக்கியிருந்தார்கள். நடுவெட்டில் ஒரு பட்டையில் மட்டும் எண்ணை அடித்துவிட்டு மேலே வேறு எண் எழுதியிருந்தது. ஏன் என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன். "முதல்ல வந்த ஷீட்ல ஏதோ பல்லு மாதிரி இருந்துச்சாம் சார். அப்புறம் திருத்தி அனுப்பிட்டாங்க" என்றான்.